கணையத்தின் ஹார்மோன் செல்கள்: ஒவ்வொரு படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கணையம் என்றால் இன்சுலின், இன்சுலின் என்றால் சர்க்கரை நோய். நம்மில் பலருக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது. பாடப்புத்தகம் இன்னும் கொஞ்சம் தூரம் போய், ஆல்பா செல்லுக்கு நேரே குளுக்ககான், பீட்டா செல்லுக்கு நேரே இன்சுலின் என்று ஐந்து வரி அட்டவணை ஒன்றைக் கொடுக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால் ராத்திரி முழுக்க எதுவும் சாப்பிடாத ஒரு நீரிழிவு நோயாளிக்குக் காலையில் ரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 180 காட்டுகிறதே, அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? அட்டவணையில் இதற்குப் பதில் கிடைக்காது. கணையத்தின் ஹார்மோன் செல்கள் தனித்தனியாக வேலை செய்பவை அல்ல. பக்கத்தில் இருப்பது என்ன செய்கிறது என்று பார்த்து, அதைத் தூண்டியோ அடக்கியோ தன் வேலையை அமைத்துக்கொள்பவை. அந்த உறவு பிடிபடும் வரிசையில்தான் இங்கே படிகளை அமைத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள்கூட மூன்றாவது, நான்காவது படிகளைத் தாண்ட வேண்டாம்.

படி 1: இடமும் அளவும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், வயிற்றின் குறுக்கே கிடக்கிறது கணையம். வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 செ.மீ. நீளம், எடை பெரும்பாலும் 70 முதல் 100 கிராம். அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால்பகுதி இடப்பக்கமாக மண்ணீரல் வரை நீளும். தலை எது, வால் எது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த உறுப்பில் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரந்து, நாளத்தின் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. ஹார்மோன் செல்கள் மொத்த எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். அதாவது ஒன்று அல்லது இரண்டு கிராம் திசு. அது போய்விட்டால் மனிதர் உயிரோடு இருக்க இன்சுலின் ஊசி தேவைப்படுகிறது.

1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நொதி சுரக்கும் செல்களுக்கு நடுவே வேறு மாதிரியான செல்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதைக் கவனித்தார். அவருக்கு அப்போது வயது 21. அவை என்ன செய்கின்றன என்று தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள்; நாய்க்கு நீரிழிவு வந்தது. 1893-ல் பிரெஞ்சு ஆய்வாளர் லகெஸ், அந்தச் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டி, ரத்தத்துக்குள் எதையோ சுரப்பவை இவையாக இருக்கலாம் என்றார். அந்த 'எதையோ' டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட், மக்லியோட், காலிப் ஆகியோரின் உழைப்பில் 1921-22-ல் கையில் கிடைத்தது.

படி 2: திட்டுக்குள் நுழையுங்கள்

ஒரு மனிதக் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இருக்கின்றன. ஒன்றின் விட்டம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின். சிலவற்றில் சில டஜன் செல்கள் மட்டுமே இருக்கும், சிலவற்றில் ஆயிரக்கணக்கில். வால்பகுதியில் திட்டுகள் அடர்த்தி அதிகம்.

ஐந்து வகைச் செல்களின் பங்கு ஆளுக்கு ஆள், திட்டுக்குத் திட்டு மாறும். மனிதரில் பாதிக்கு மேல் பீட்டா செல்கள், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆல்பா, பத்து சதவீதத்தை ஒட்டி டெல்டா, மிச்சம் மீதியில் பிபி செல்களும் எப்சிலான் செல்களும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடப்புத்தகப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் பீட்டா செல்கள், அவற்றைச் சுற்றி வளையமாக ஆல்பா செல்கள் என்று வரைந்திருப்பார்கள். அது எலியின் திட்டு. மனிதத் திட்டில் ஆல்பாவும் பீட்டாவும் கலந்து கிடக்கின்றன; பெரும்பாலான பீட்டா செல்களுக்கு ஒட்டிய அண்டை வீட்டில் வேறு வகைச் செல் ஒன்று இருக்கும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது ரத்த ஓட்டம். எடையில் 1 முதல் 2 சதவீதமே உள்ள இந்தத் திட்டுகளுக்குக் கணையத்துக்கு வரும் ரத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் போகிறது. நுண்குழாய்களின் சுவரில் துளைகள் இருப்பதால், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் அது செல்களுக்கு உடனே தெரியும். திட்டுகளை விட்டு வெளியேறும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே போகும் இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. ஆக, கணையத்து ஹார்மோன்களின் முதல் முகவரி கல்லீரல். தோலுக்கு அடியில் போடும் இன்சுலின் ஊசிக்கு இந்த வசதி கிடையாது. அது முதலில் உடல் முழுக்கச் சுற்றிவிட்டு, நீர்த்துப்போன அளவில்தான் கல்லீரலை அடைகிறது. ஊசியால் இயற்கையை அப்படியே நகலெடுக்க முடியாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 3: பீட்டா செல்

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால் மொத்தமே 5 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு வேளைச் சாப்பாட்டில் அதைப்போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ உள்ளே வருகிறது. இருந்தும் ஆரோக்கியமானவரின் சர்க்கரை 140-ஐத் தாண்டுவது அரிது. இதைச் சாதிக்கும் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. இங்கே எந்தத் தடையும் இல்லை. வெளியே எவ்வளவு இருக்கிறதோ, உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு.

இரண்டாவது, குளுக்கோகைனேஸ் என்ற நொதி அந்தக் குளுக்கோஸைப் பிடித்து பாஸ்பேட் ஏற்றுகிறது. செல்லின் உண்மையான உணரி இதுதான். மற்ற பெரும்பாலான திசுக்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் கொஞ்சம் குளுக்கோஸ் கிடைத்தாலே முழு வேகத்தில் ஓடும். குளுக்கோகைனேஸ் அப்படியல்ல, சர்க்கரை ஏற ஏற அதன் வேகமும் ஏறும். இந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் பிழை இருப்பவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அப்படியே நிலைத்து நிற்கும். கணையம் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் சற்று மேலே நகர்ந்திருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை. ஆனால் சாதாரண நீரிழிவு என்று நினைத்து மாத்திரை கொடுக்கப்படுவது நடக்கிறது.

மூன்றாவது, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா அந்தக் குளுக்கோஸிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது.

நான்காவதாக நடப்பதுதான் மொத்தக் கதையின் திருப்பம். செல் சவ்வில் பொட்டாசியத்தை வெளியே விடும் வாயில்கள் உண்டு. ஏடிபி கூடினால் அவை மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேற முடியாமல் சவ்வின் மின்னழுத்தம் மாறும். உடனே கால்சியம் வாயில்கள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் சவ்வோடு இணைந்து உள்ளடக்கத்தை வெளியே கொட்டும். இது சுமார் 90 மி.கி. அளவில் தொடங்கி, சர்க்கரை ஏற ஏற வலுக்கிறது.

அந்தப் பொட்டாசியம் வாயில் மருத்துவத்தில் எவ்வளவு முக்கியம் என்றால், கிளிபென்கிளமைடு, கிளிமிப்பிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் எல்லாம் அதை நேரடியாக மூடுபவை. சர்க்கரை அளவைக் கேட்காமலே மூடுவதால்தான் இவற்றால் சர்க்கரை மிகவும் இறங்கிப்போகும் ஆபத்து வருகிறது. பிறவியிலேயே இந்த வாயில் மூட மறுக்கும் மரபணுப் பிழை சில குழந்தைகளுக்கு உண்டு. பிறந்த சில மாதங்களுக்குள் நீரிழிவு வந்துவிடும். 2004-க்கு முன்பு இவர்களுக்கு இன்சுலின் ஊசி ஒன்றே வழி. காரணம் தெரிந்த பிறகு, இவர்களில் பெரும்பாலோரை ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்ற முடிந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: வாயில் எப்போதும் மூடியே கிடக்கும் குழந்தைகளுக்கு இன்சுலின் நிற்காமல் சுரந்து சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்த வாயிலைத் திறக்க டயாசாக்ஸைடு என்ற மருந்து இருக்கிறது. பிழை கடுமையாக இருந்தால் அது பலிக்காமலும் போகலாம்.

இன்சுலின் இரண்டு அலைகளாக வருகிறது. சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும் நுண்பைகள் முதல் பத்து நிமிடங்களுக்குள் கொட்டித் தீர்க்கின்றன. அதன்பின் உள்ளிருந்து வருபவை நிதானமாக, தேவைப்படும் வரை கொடுக்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் தேய்வது இந்த முதல் அலை. சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறத் தொடங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை இன்னும் சரியாக இருக்கும் ஒரு கட்டம் பலருக்கு இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இன்சுலின் எப்படித் தயாராகிறது என்பதையும் பார்த்துவிடுவோம், பரிசோதனை முடிவுகளைப் படிக்க அது தேவை. செல் முதலில் புரோஇன்சுலின் என்ற 86 அமினோ அமிலச் சங்கிலியைக் கட்டுகிறது. நுண்பைக்குள் நொதிகள் அதை வெட்டி, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினையும் 31 கொண்ட சி-பெப்டைடையும் பிரிக்கின்றன. இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தோடு ஆறு ஆறாகக் கட்டுண்டு காத்திருக்கும். வெளியேறும்போது ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே ரத்தத்துக்கு வரும். கூடவே கொஞ்சம் அமிலினும். இந்த 37 அமினோ அமில ஹார்மோன் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பசியைக் குறைக்கும், குளுக்ககானை அடக்கும். இதைப் பெரும்பாலானோர் மறந்தேவிடுகிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவாளர்கள் பலரின் திட்டுகளில் படிந்து கிடக்கும் அமிலாய்டு என்ற புரதப் படிவு, இதே அமிலின் திரண்டு உண்டானது.

வெளியே வந்த இன்சுலின் என்ன செய்கிறது? பூட்டு, சாவி உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: இன்சுலின் சாவி, செல் பூட்டு, திறந்தால் குளுக்கோஸ் உள்ளே போகும். தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அது ஓரளவு பொருந்தும். அங்கே குளூட்-4 என்ற கடத்திகளை இன்சுலின் சவ்வுக்கு வரவழைக்கிறது. ஆனால் மூளை, சிவப்பணு, கல்லீரல் இவையெல்லாம் குளுக்கோஸை உள்ளே எடுக்க இன்சுலினைக் கேட்பதே இல்லை. என் பார்வையில் இன்சுலினின் பெரிய வேலை திறப்பது அல்ல, நிறுத்துவது. கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடுவதை நிறுத்துகிறது. கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிடுவதை நிறுத்துகிறது. கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் மாற்று எரிபொருளான கீட்டோன்களின் உற்பத்தியை நிறுத்துகிறது. அந்த நிறுத்தும் கை எடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த செல்லைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் குடலைப் பற்றிக் கொஞ்சம். அதே அளவு ரத்தச் சர்க்கரையை நரம்பு ஊசியால் உண்டாக்குவதைவிட, வாய்வழியாகக் குடித்து உண்டாக்கினால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்து கிளம்பும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்கள்தான் காரணம். இவை பீட்டா செல்லைத் தூண்டுவது சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும். ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். டிபிபி-4 என்ற நொதியின் வேலை அது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகளும், எளிதில் சிதையாத ஜிஎல்பி-1 வகை ஊசிகளும் தனியாகப் பயன்படுத்தும்போது சர்க்கரையைக் கண்டபடி இறக்கிவிடாததற்குக் காரணம் இந்த நிபந்தனைதான்.

படி 4: ஆல்பா செல்

இன்சுலின் புகழ்பெற்ற அடுத்த ஆண்டே, 1923-ல், கிம்பலும் மர்லினும் கணையச் சாற்றில் சர்க்கரையை ஏற்றும் பொருள் ஒன்றும் இருப்பதாகச் சொல்லி அதற்கு குளுக்ககான் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து இன்சுலின் தயாரிப்புகள் சிலவற்றைச் செலுத்தியதும் சர்க்கரை முதலில் சற்று ஏறிப் பிறகு இறங்கியது. உள்ளே குளுக்ககான் கலந்திருந்தது. வெகுகாலம் அதை ஒரு கலப்படமாகத்தான் பார்த்தார்கள். 29 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோன் இன்றும் இன்சுலினின் நிழலிலேயே இருக்கிறது. இது அநியாயம் என்பது என் கருத்து.

குளுக்ககானின் வேலை கிட்டத்தட்ட முழுவதும் கல்லீரலில். அங்கே சேமித்த கிளைக்கோஜனை (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) உடைத்து குளுக்கோஸாக வெளியே அனுப்பச் சொல்கிறது. அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாக குளுக்கோஸ் தயாரிக்கச் சொல்கிறது. பட்டினி நீண்டால் கொழுப்பு அமிலங்களைக் கீட்டோனாக மாற்றச் சொல்கிறது. சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கிய நீரிழிவாளருக்குக் கொடுக்கும் அவசர ஊசியில் இருப்பது இதே குளுக்ககான், வழக்கமாக 1 மி.கி. கல்லீரலில் கிளைக்கோஜன் இருந்தால்தான் அது பலிக்கும். நீண்ட பட்டினிக்குப் பிறகோ அதிகக் குடிக்குப் பிறகோ கல்லீரல் காலியாக இருந்தால் பெரிதாகப் பயனில்லை.

ஆல்பா செல்லைத் தூண்டுபவை எவை? சர்க்கரை இறங்குவது, அட்ரினலின், தன்னியக்க நரம்புகள், அப்புறம் அமினோ அமிலங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. மாவுச்சத்தே இல்லாமல் வெறும் புரதம் மட்டும் சாப்பிட்டால், அமினோ அமிலங்கள் பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும். உள்ளே குளுக்கோஸ் வரவில்லை, இன்சுலின் மட்டும் ஏறுகிறது என்றால் சர்க்கரை சரிய வேண்டும். சரிவதில்லை, ஏனென்றால் அதே அமினோ அமிலங்கள் ஆல்பா செல்லையும் தூண்டி, குளுக்ககானை ஏற்றிக் கல்லீரலை இயக்குகின்றன. அந்தக் குளுக்ககான் அமினோ அமிலங்களை யூரியாவாக மாற்றும் வேலையையும் முடுக்குகிறது. ஒரே சாப்பாட்டில் இரண்டு 'எதிரி' ஹார்மோன்களும் ஒன்றாக ஏறுவது இப்படித்தான். இவற்றை எதிரிகள் என்று சொல்லிப் பழகியது எவ்வளவு தவறு பாருங்கள்.

ஆல்பா செல்லை அடக்குபவற்றில் முக்கியமானவை, பக்கத்து பீட்டா செல் வெளியிடும் இன்சுலினும், டெல்டா செல்லின் சோமட்டோஸ்டாட்டினும். அந்த அடக்குமுறை தளர்ந்தால் குளுக்ககான் தேவையில்லாத நேரத்திலும் சுரக்கும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது: ராத்திரி முழுக்கச் சாப்பிடாதவரின் 180 அவருடைய கல்லீரலிலிருந்து வந்தது. தடுக்க வேண்டிய இன்சுலின் போதவில்லை, அல்லது கல்லீரல் அதைக் கேட்கவில்லை. தள்ளும் குளுக்ககானோ குறையவே இல்லை.

1970-களில் ராஜர் அங்கர் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்: நீரிழிவு இன்சுலின் குறைபாடு மட்டுமல்ல, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்த நோய். குளுக்ககான் ஏற்பி (அந்த ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதம்) இல்லாத எலிகளில் பீட்டா செல்களை வேதிப்பொருளால் அழித்துப் பார்த்தபோது, அவற்றுக்கு எதிர்பார்த்த நீரிழிவு வரவில்லை என்று 2011-ல் அவருடைய குழு காட்டியது. பீட்டா செல்கள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தால் குளுக்ககானைத் தடுப்பது மட்டும் போதாது என்று பின்னால் வந்த எலி ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் குளுக்ககானை ஓரமாக ஒதுக்கும் பழைய பழக்கத்துக்கு இனி இடமில்லை.

இன்னொன்று. ஆல்பா செல் வெளியிடும் குளுக்ககான் பக்கத்து பீட்டா செல்லைத் தொட்டால், அது இன்சுலினைக் கூட்டுகிறது. ஆல்பா பீட்டாவைத் தூண்டுகிறது, பீட்டா ஆல்பாவை அடக்குகிறது. உறவு ஒருவழிப் பாதை அல்ல.

படி 5: டெல்டா செல்

எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கைகள் நீளம். நரம்பு செல் போல நீண்ட இழைகளை நீட்டி, ஒரே டெல்டா செல் பல ஆல்பா, பீட்டா செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது சுரக்கும் சோமட்டோஸ்டாட்டின் 14 அமினோ அமிலங்கள் கொண்டது. ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே தாங்கும். தூரத்துக்குச் செய்தி அனுப்பும் ஹார்மோன் அல்ல, அக்கம்பக்கத்தை மட்டும் கட்டுப்படுத்துவது.

அது செய்வது அடக்குவது. இன்சுலினையும் அடக்கும், குளுக்ககானையும் அடக்கும். பீட்டா செல் வெளியிடும் யூரோகார்டின்-3 என்ற பொருள் டெல்டாவைத் தூண்ட, டெல்டா திரும்பி பீட்டாவையே அடக்கும். இதனால் சர்க்கரை இறங்கியதும் இன்சுலின் தாமதமின்றிக் குறைய முடிகிறது. தேவைக்கு மேல் சுரந்து சர்க்கரையைக் குழிக்குள் தள்ளுவது தடுக்கப்படுகிறது.

சோமட்டோஸ்டாட்டின் முதலில் கிடைத்தது கணையத்தில் அல்ல. 1973-ல் கியமானின் ஆய்வகம் செம்மறி ஆட்டு மூளையின் ஹைப்போதலாமஸில், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் பொருளாக அதைக் கண்டது. அதன் நீடித்துழைக்கும் வடிவமான ஆக்ட்ரியோடைடு, ஹார்மோன் சுரக்கும் சில கட்டிகளை அடக்க இன்று பயன்படுகிறது.

படி 6: பிபி செல்லும் எப்சிலான் செல்லும்

பிபி செல்கள், அதாவது கணையப் பாலிபெப்டைடு சுரப்பவை, கணையத்தின் தலையில், அதிலும் அதன் கீழ்ப்பகுதியில் குவிந்திருக்கின்றன. கருவில் கணையம் இரண்டு மொட்டுகளாக முளைத்து ஒன்றாகச் சேர்வதால் வந்த வேறுபாடு இது. முன்மொட்டிலிருந்து வந்த பகுதியில் பிபி அதிகம், ஆல்பா குறைவு. 36 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோன், சாப்பிட ஆரம்பித்ததும், மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பின் தூண்டுதலால் ஏறும். கணைய நொதிச் சுரப்பையும் பித்தப்பைச் சுருக்கத்தையும் மட்டுப்படுத்தும், பசியைக் குறைக்கும். சர்க்கரைக் கட்டுப்பாட்டில் அதன் பங்கு சிறியது.

எப்சிலான் செல்கள் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைச் சுரப்பவை. கருவில் ஓரளவு காணப்பட்டு, வளர்ந்தபின் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ரத்தத்தில் ஓடும் கிரெலினில் பெரும்பகுதி இரைப்பையிலிருந்து வருவது. திட்டுக்குள் அது இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. இதற்கு மேல் இங்கே நேரம் செலவிட வேண்டாம்.

படி 7: ஒரு நாளைப் பின்தொடருங்கள்

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவோம்.

சாப்பாட்டைப் பார்த்து, மென்று ருசிக்கும்போதே வேகஸ் நரம்பு பிபி செல்லைத் தட்டுகிறது. கொஞ்சம் இன்சுலினும் கசிகிறது. உணவு குடலுக்கு வந்ததும் ஜிஎல்பி-1, ஜிஐபி கிளம்புகின்றன. சர்க்கரை ஏறும்போது இன்சுலினின் முதல் அலை கல்லீரலை அடைந்து, குளுக்கோஸ் விடுவதை நிறுத்தச் சொல்கிறது. அமிலின் இரைப்பையை மெதுவாக்குகிறது. குளுக்ககான் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொட்ட சர்க்கரை, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரவு. மூளைக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும், தூங்கினாலும் வேண்டும். கல்லீரலில் உள்ள கிளைக்கோஜனும் சுமார் 100 கிராம்தான். இன்சுலின் அடிமட்டத்துக்குக் குறைந்தாலும் நின்றுபோவதில்லை. குளுக்ககான் கல்லீரலைச் சீராக இயக்குகிறது. பட்டினி ஒரு நாளைத் தாண்டினால் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்து, புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதும் கீட்டோன்களும் பொறுப்பேற்கும்.

ஓட்டம். தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளூட்-4 சவ்வுக்கு வரும். அந்த நேரத்தில் இன்சுலினும் உயர்ந்தால் ஆபத்து. அதனால் உடலை வேகமான செயலுக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் பீட்டா செல்லை அடக்கி, ஆல்பா செல்லைத் தூண்டுகின்றன. ஊசியில் போட்ட இன்சுலின் இந்த நரம்புகளின் சொல் கேட்காது. உடற்பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடுகிறது என்று இன்சுலின் போடுபவர்கள் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

சர்க்கரை இறங்கினால் தற்காப்பு ஒழுங்கான வரிசையில் வரும். சுமார் 80-ஐ நெருங்கும்போதே இன்சுலின் குறைந்துவிடும். 65-70 வாக்கில் குளுக்ககானும் அட்ரினலினும் ஏறும். அதற்கும் கீழே போனால்தான் நடுக்கம், வியர்வை, பசி என்று நமக்குத் தெரியவரும்.

படி 8: எந்தச் செல் கெட்டால் எந்த நோய்

முதல் வகை நீரிழிவில் நோயெதிர்ப்பு அமைப்பு பீட்டா செல்களை அழிக்கிறது. ஆல்பா செல்கள் மிஞ்சுகின்றன, ஆனால் தடுமாறுகின்றன. பக்கத்து பீட்டா செல்லின் இன்சுலின் இல்லாததால் சாப்பிட்ட பிறகும் குளுக்ககான் சுரக்கும்; சர்க்கரை உண்மையிலேயே இறங்கும்போது சுரக்கத் தவறும். நோய் வந்த சில ஆண்டுகளிலேயே பலருக்கு இந்தத் தற்காப்பு போய்விடுகிறது. இவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது ஏன் இவ்வளவு பயமுறுத்தும் விஷயம் என்பது இப்போது விளங்கும். இன்சுலினே இல்லாத நிலையில் கொழுப்புத் திசு அவிழ்ந்து, குளுக்ககான் கல்லீரலைக் கீட்டோன் பக்கம் தள்ளினால் வருவது கீட்டோஅசிடோசிஸ், உயிருக்கு ஆபத்தான அவசர நிலை.

இரண்டாம் வகையில் திசுக்கள் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. பீட்டா செல்கள் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கின்றன. எல்லோருக்கும் அது தோற்றுப்போவதில்லை; உடல் பருமன் உள்ள பலருக்கு வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை சரியாகவே இருக்கும். ஈடுகொடுக்க முடியாமல் போகிறவர்களுக்குத்தான் நோய். களைத்த பீட்டா செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. சில தங்கள் அடையாளத்தை இழந்து, இன்சுலின் சுரக்க மறந்து கிடக்கின்றன. நோயின் தொடக்க ஆண்டுகளில் எடையை நன்கு குறைத்தவர்கள் சிலருக்குச் சர்க்கரை மருந்தில்லாமல் சரியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. நாட்பட்ட கணைய அழற்சியாலோ அறுவை சிகிச்சையாலோ கணையமே அழிந்தால் பீட்டாவோடு ஆல்பா, பிபி எல்லாம் சேர்ந்து போகும். நொதிகளும் போவதால் செரிமானமும் கெடும். குளுக்ககான் இல்லாததால் இன்சுலின் போட்டால் சர்க்கரை சட்டென்று சரியும், தூக்கிவிட ஆளில்லை. இதை இரண்டாம் வகை என்று நினைத்துச் சிகிச்சை கொடுப்பது அபூர்வமல்ல.

கட்டிகள் அரிதானவை. ஆனாலும் ஒவ்வொரு ஹார்மோனின் வேலையையும் அவை மிகைப்படுத்திக் காட்டுவதால் கற்க நல்லவை. இன்சுலினோமாவில் பட்டினியின்போது சர்க்கரை சரியும். குளுக்கோஸ் கொடுத்ததும் அறிகுறிகள் மறையும். பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லை, வெட்டி எடுத்தால் குணம். குளுக்ககானோமாவில் நீரிழிவு, எடை இழப்பு, இடம் மாறி மாறி வரும் ஒரு தோல் புண். சோமட்டோஸ்டாட்டினோமாவில் நீரிழிவு, பித்தப்பைக் கல், கொழுப்பு கலந்த மலம். எல்லாமே அடக்கப்பட்டதன் விளைவு.

படி 9: பரிசோதனைத் தாளை வாசியுங்கள்

ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவில் ஓடும் ஹார்மோனை அளக்க முடியும் என்பதே 1950-களின் இறுதியில் பெர்சனும் யாலோவும் கதிரியக்க முறையை உருவாக்கிய பிறகுதான். அவர்கள் முதலில் அளந்தது இன்சுலினை. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார்.

இன்று மருத்துவர் அதிகம் கேட்பது சி-பெப்டைடு. இன்சுலின் ரத்தத்தில் சில நிமிடங்களில் மறையும், பாதியைக் கல்லீரல் எடுத்துவிடும், ஊசியில் போட்டதும் அதோடு கலந்து தெரியும். சி-பெப்டைடுக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு: கல்லீரல் அதைப் பெரிதாகத் தொடாது, அரை மணி நேரம் போலத் தாங்கும், ஊசி இன்சுலினில் அது இருக்காது. அதனால் இன்சுலின் போடுபவரின் சொந்த பீட்டா செல்கள் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லும். இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீரகம் பழுதானால் அது வெளியேறாமல் தேங்கி, அளவு பொய்யாகக் கூடும். எடுத்த நேரத்துச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிக்கக் கூடாது. சர்க்கரை 60 இருக்கும்போது குறைவாக இருப்பதுதான் இயல்பு, 250 இருக்கும்போது குறைவு என்றால் பீட்டா செல் கைவிட்டுவிட்டது என்று பொருள்.

முதல் வகையா என்ற சந்தேகம் இருந்தால் எதிர்ப்பொருள் சோதனைகள் கேட்பார்கள். பீட்டா செல்லில் இருக்கும் ஜிஏடி, ஐஏ-2, துத்தநாகக் கடத்தி-8 ஆகிய புரதங்களுக்கு எதிரானவை முக்கியமானவை. மூன்றாவதைக் கவனியுங்கள்: நுண்பைக்குள் இன்சுலினோடு சேரும் துத்தநாகத்தை உள்ளே கொண்டுவரும் புரதம்தான் அங்கே தாக்கப்படுகிறது.

காரணமில்லாமல் சர்க்கரை இறங்கும் ஒருவரிடம், இறங்கிய அந்த நேரத்திலேயே எடுத்த ரத்தத்தில் இன்சுலின் அதிகம், சி-பெப்டைடு குறைவு என்று வந்தால், அந்த இன்சுலின் அநேகமாக வெளியிலிருந்து செலுத்தப்பட்டது. இரண்டுமே அதிகம் என்றால் அவருடைய பீட்டா செல்கள்தான் சுரந்திருக்கின்றன. ஆனால் உடனே இன்சுலினோமா என்று முடிவுகட்டக் கூடாது. சல்ஃபோனைல்யூரியா மாத்திரை, தெரிந்தோ தெரியாமலோ விழுங்கப்பட்டிருந்தால், அதே பொட்டாசியம் வாயிலை மூடி இதே முடிவைத்தான் காட்டும். அதனால் ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன் அந்த மருந்து ரத்தத்தில் இருக்கிறதா என்று தனியாகச் சோதிப்பார்கள்.